ஸாண்டா பே நகரத்துக் காட்சிசாலைகள்

சென்னைப் பட்டணத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஜனங்கள் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் "செத்த காலேஜ்" என்றும், மிருகக்காட்சிசாலையை "உயிர்க் காலேஜ்" என்றும் சொல்லி வந்த காலம் ஒன்று உண்டு. வேடிக்கையான பெயர்கள்தாம். ஆயினும் அவற்றில் ஓர் அபிப்பிராயம் அடங்கியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட வஸ்து எதுவானாலும் அதன் உயிர் போய்விட்டது என்பதே அது. வருஷந்தோறும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அங்கே அழைத்துச் சென்று வரும் நமக்கும் அதை மறுத்துரைக்க ஒருபோதும் தோன்றியதில்லை. 2023-ம் வருஷம் மே மாத விடுமுறையில் ஸாண்டா பே நகரைப் பார்த்த பிறகுதான் சற்றுத் தயக்கம் உண்டாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்ஸிகோ ராஜ்யத்துக்கு ஸாண்டா பே தலைநகர். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 7,000 அடி. அதாவது நம் கோடைக்கானலின் உயரம். ஆனால் கோடைக்கானலின் பசுமையையும் மூடுபனியையும் எண்ணிக்கொண்டு செல்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கு நோக்கினும் வறண்ட பூமி. வீடுகளுக்கும் அந்த மண்ணின் நிறந்தான். வெயிலில் உலர்த்திய மண் கற்களால் கட்டி மண்ணையே பூசுவது அவ்வூரின் பழைய வழக்கம். இக்காலத்தில் வேறு விதமாகக் கட்டுகிறவர்களுங்கூட மண்வீடு போலத் தோன்றும்படியே பூசிவிடுகிறார்கள். ஆல்புகர்க்கி நகரில் உத்தியோகம் பார்க்கும் தம்பியின் வீட்டிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். தம்பியின் பன்னிரண்டு வயதுப் பெண் நமக்குத் துணையாகவும், அவசியமான இடங்களில் துபாஷியாகவும் வந்தாள்.

நகரத்தின் நடுச் சதுக்கத்தில் "கவர்னர்களின் அரண்மனை" இருக்கிறது. அரண்மனை என்றதும் தஞ்சாவூரையும் மைசூரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில்லாத நீண்ட மண் கட்டடம். முன்புறம் நெடுகத் தாழ்வாரம். நம் நாட்டுச் சத்திரம் ஒன்றைப் பார்ப்பது போலிருந்தது. ஸ்பானியர் 1610-ம் வருஷத்தையொட்டி இதைக் கட்டினார்கள். 1909 முதல் காட்சிசாலையாக இருந்து வருகிறது.

இந்தச் சுவர்கள் கண்ட சம்பவங்களில் ஒன்றை மட்டும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். புவெப்லோ மக்கள் எனப்படுவோர் இப்பிரதேசத்தின் பூர்விகக் குடிகள். ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் அமைத்துச் சோளம் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 1675-ல் ஸ்பானிய அதிகாரிகள் இவர்களுடைய சமயப் பெரியோர்கள் 47 பேரைச் சூனியக்காரர்கள் என்று பிடித்துவந்து சவுக்கால் அடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். அடிபட்டவர்களில் போபே என்பவர் ஒருவர். ஐந்து வருஷங்களுக்குப் பின், 1680 ஆகஸ்டில், அவர் ஏற்பாட்டின்படி ஓட்டக்காரர்கள் முடிச்சிட்ட கயிறுகளை ஏந்தி ஊர் ஊராக ஓடினார்கள். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சுகள் தீரும் தினத்தில் எல்லா ஊரும் ஒன்றாக எழ வேண்டும். வெவ்வேறு பாஷை பேசும் ஊர்களுக்கு இதைவிடத் தெளிவான கடிதம் ஏது? தூதர் இருவர் பிடிபட்டுவிடவே, குறித்த நாளுக்கு முன்பே கலகம் மூண்டது. இந்த அரண்மனையில் அடைபட்ட ஸ்பானியர்களுக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்தார்கள். ஆகஸ்ட் 21-ம் தேதி அவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். பன்னிரண்டு வருஷம் அங்கே அந்நிய ஆட்சி இல்லை. 1692-ல் ஸ்பானியர் திரும்பி வந்தனர் என்பதும் உண்மையே.

அதே அரண்மனையின் தாழ்வாரத்தில், அந்தப் பூர்விகக் குடிகளின் சந்ததியார் துணி விரித்து உட்கார்ந்து, தாம் செய்த வெள்ளி நகைகளையும் மட்பாண்டங்களையும் விற்கிறார்கள். தானோ தன் குடும்பத்தாரோ கையால் செய்த பொருளைத் தவிர வேறெதையும் அங்கே விற்கக்கூடாது. உள்ளே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்த்ததைவிட இந்தத் தாழ்வாரத்தில் நாம் நின்ற நேரமே அதிகம்.

ஊருக்குச் சற்று வெளியே உள்ள "மியூஸியம் குன்றில்" மற்றக் காட்சிசாலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சர்வதேச நாட்டுப்புறக் கலைச்சாலையில் அலெக்ஸாண்டர் ஜிரார்டு என்ற கட்டடக் கலைஞர் 1978-ல் கொடுத்த லட்சத்துக்கு மேற்பட்ட பொம்மைகளிலும் கைவினைப் பொருள்களிலும் சுமார் பதினாயிரத்தைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எந்தத் தேசத்துப் பொம்மை என்று பக்கத்தில் சீட்டு எழுதி ஒட்டவில்லை. இந்தியப் பொம்மைகளைக் கண்டதும் நம் தம்பி மகள், "அத்தை, இது பெரிய கொலு!" என்று கூவிவிட்டாள். அதற்குமேல் வர்ணிக்க நமக்குத் திறமையில்லை.

இந்தியக் கலைகள், கலாசாரக் காட்சிசாலையில்தான் நமக்குப் பெரும்பாலான நேரம் சென்றது. அங்கே அப்போது புவெப்லோ மட்பாண்டங்களின் விசேஷக் காட்சி முடியும் தறுவாயில் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பானைகள். சாதாரணமாக இத்தகைய காட்சிக்குப் பண்டிதர் ஒருவர் பொருள்களைப் பொறுக்கி, காலம் இன்னது, அளவு இன்னது என்று எழுதி வைப்பார். இங்கே அப்படியில்லை. 21 ஊர்களையும் சமூகங்களையும் சேர்ந்த அறுபதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே பானைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றித் தங்கள் சொந்த வாக்கில் எழுதியிருந்தார்கள். பாட்டியின் கைவாகு, தண்ணீர் சுமந்த நினைவு, மண்ணுக்குச் செலுத்தும் வந்தனம் இவையே அங்கே சேதிகளாயிருந்தன. பானைக்கு உயிருண்டு என்பது அவர்கள் கொள்கை.

இவர்கள் நம் குயவரைப் போலச் சக்கரம் சுற்றுவதில்லை. மண்ணைக் கயிறுபோல் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, சுரைக்காய் ஓட்டால் வழித்துச் சமப்படுத்துகிறார்கள். பிறகு கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்தக் கல் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம் போல வந்ததாகவும் இருக்கும். ஸான் இல்டபோன்ஸோ ஊர் மரியா மார்ட்டினெஸ் அம்மையாரும் அவர் கணவர் ஜூலியனும் கறுப்பின் மேல் கறுப்பாகச் சித்திரம் தீட்டிய பாண்டங்கள் உலகப் பிரசித்தமானவை. சூளையில் தீ நன்றாக எரியும்போது பொடித்த சாணத்தைக் கொட்டி மூடிவிட்டால் காற்றுக் குறைந்து, செம்மண் கறுத்துவிடுகிறது. இவ்வளவுதான் ரகசியம், கை வர ஒரு ஜன்மம் வேண்டும்.

இப்பானைகளில் பலவற்றுக்கு ஆதியான சேகரம் தோன்றிய விதமும் ரஸமானது. 1922-ல் ஸாண்டா பேயில் ஓர் இல்லத்தில் நடந்த விருந்தில் ஸூனி ஊர்ப் பானை ஒன்று உடைந்து போயிற்று. விருந்தினர் வருந்தி, இப்படியே எல்லாம் அழிந்துவிடக்கூடாதென்று பானைகளைச் சேகரிக்கத் தொடங்கினர். ஒட்டவைத்த அந்த உடைந்த பானையே அச்சேகரத்தின் முதல் உருப்படி.

குன்றின் கடைசிக் கட்டடம் வீல்ரைட் காட்சிசாலை. புவெப்லோ மக்களுக்கு அயல்வாசிகளான நவஹோ மக்களின் குடிலைப் போல எட்டுப் பட்டையாய், கிழக்கு நோக்கிய வாசலுடன் அமைந்தது. நவஹோ வைத்தியர் நோய் தீர்க்கும் சடங்கில் வர்ணப் பொடிகளால் தரையில் சித்திரமிட்டு, நோயாளியை அதன்மேல் இருத்திப் பாடுவார். சடங்கு முடிந்ததும் சித்திரத்தை அழித்துவிடுவார். வாசற் கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்குவது கஷ்டமல்ல. ஹஸ்டீன் க்ளா என்பவர் பெரிய வைத்தியப் பாடகர். நவஹோக் குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்ப்பாஷையை மறக்கச் செய்த காலம் அது. தாம் பயிற்றிய சிஷ்யரும் தமக்கு முன்பே காலமாகிவிட, க்ளா தம் வித்தை அழிந்துபோகுமென்று அஞ்சினார். பாஸ்டன் சீமாட்டி மேரி காபட் வீல்ரைட்டிடம் பாட்டுகளையும் சித்திரங்களையும் ஒப்புவித்தார். அழிக்க வேண்டிய சித்திரங்களைக் கம்பளமாகவே நெய்தார்; அது கண்டு அவருடைய மக்களிற் பலர் கலங்கினார்கள். 1937-ல் காட்சிசாலை திறந்தது. க்ளா அவ்வருஷமே காலஞ்சென்றார்.

"அத்தை, இதெல்லாம் கொடுத்ததா, திருடினதா?" என்று கேட்டாள் குழந்தை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த கதையை முதல் நாள் இரவுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். அது திருட்டுச் சொத்து. திருப்பிக் கொடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கே நடந்தது வேறு. நவஹோ மக்கள் 1968-ல் தங்களுக்கென்றே ஒரு கல்லூரி ஸ்தாபித்துக்கொண்டார்கள். 1977-ல் இக்காட்சிசாலையார் தம்மிடமிருந்த புனிதமான சடங்கு மூட்டைகளை நவஹோ மக்களிடமே ஒப்படைத்தார்கள். இத்தகைய பொருள்களைத் திருப்பித் தரக் கட்டாயப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் பிறந்தது 1990-ல்தான். "நவஹோ சடங்குக் கலை" என்றிருந்த தம் பெயரையும் காட்சிசாலையார் மாற்றிக்கொண்டார்கள்.

மாலையில் ரயிலுக்கு முன் மறுபடி அரண்மனைத் தாழ்வாரத்துக்குச் சென்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புக் கிண்ணம் வாங்கினோம். அடியில் செய்தவளின் பெயர் கீறியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் மெருகு போய்விடும் என்று இரண்டு தரம் எச்சரித்துக் கொடுத்தாள். அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதா, கொலுப் படியில் வைப்பதா என்பது வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை.