சுறவுக் கோடும் ஒரு துண்டுச் சீட்டும்



பட்டினப்பாலையைப் படிப்பிக்கும் போதெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி எழும். "சேர், சுறாவுக்குக் கொம்பு இருக்கோ?"

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளிலே கடலுக்குப் போகாது, சுறவின் கோட்டை மணலில் நட்டு, அதிலே தம் தெய்வத்தை நிலைநிறுத்தி வழிபட்டதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். அதனால்தான் இந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானதே. சாதாரணச் சுறாவுக்குக் கொம்பில்லை. வேளா என்ற மீனுக்கு உண்டு. தோற்றத்தாற் சுறாவை ஒத்தாலும் அது திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. செவுட் பிளவுகள் உடலின் அடிப்புறத்தில் இருப்பது அதற்குச் சான்று. முகத்தின் முன்னே நீண்ட தட்டையான அலகும், அதன் இருமருங்கும் வாளின் பற்கள்போல் வரிசையும் உண்டு. இரையின் உடலில் எழும் நுண்ணிய மின்துடிப்பை உணர்வதற்கும், வீசி அடித்து இரையை வீழ்த்துவதற்கும் அந்த அலகே கருவி. புலவர் குறித்தது இதையே என்பது என் எண்ணம்.

தொண்ணூறுகளில் நான் மாணவனாயிருந்த முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளியில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதிலே யானைமுள்ளிச் சங்கு, சோழி, கடற்குதிரை ஆகியவற்றோடு ஒரு வேளாக் கொம்பும் இருந்தது. யார் கொடுத்தது, எந்தக் கடலிற் பட்டது, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த அலுமாரியையே கொண்டுபோயிற்று. இன்று அதைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அம்பொன் தீவில் ஒல்லாந்தக் கம்பனியிற் பணியாற்றிய ரும்பியஸ் என்ற சேகரிப்பாளரை இங்கே நினைக்கிறேன். 1670 இல் அவர் பார்வையை இழந்தார். 1682 இல் தம் சங்கு, சிப்பிச் சேகரிப்பைத் தஸ்கனி நாட்டுப் பிரபுவுக்கு விற்க நேர்ந்தது. ஆனால் ஒவ்வொன்றின் உருவம், இடம், அவ்வூர் மக்கள் வழங்கிய பெயர் எல்லாம் எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்து மூன்றாண்டின் பின், 1705 இல், அது நூலாயிற்று. பொருள் கைமாறியது, எழுத்து நின்றது.

நமக்கோ வேளாவே கைநழுவிப் போகிறது. அந்தக் கொம்பு எந்த வலையிலும் எளிதிற் சிக்கிக்கொள்ளும். அலுமாரிக்கு அழகு தந்ததே அதற்கு யமனுமாயிற்று. உலகிலுள்ள ஐந்து வேளா இனங்களும் இன்று அழிவின் விளிம்பிலே நிற்கின்றன. மீன் போனால் பெயரும் போகும். பெயர் போனால் சங்கப் பாட்டின் ஓர் அடி ஊமையாகும்.

ஆகவே மாணவருக்கு நான் சொல்வது இதுதான். முருகைக்கல்லை உடைக்காதீர்கள், ஓட்டுக்காக ஆமையைத் தீண்டாதீர்கள். இரண்டையும் சட்டம் காக்கிறது. வெற்றுச் சங்கிலும் நண்டு குடியிருக்கலாம், பார்த்து எடுங்கள். எடுத்ததன் அருகில் திகதி, கரை, கண்டவர் பெயர் என்பவற்றை எழுதுங்கள். வலை இழுத்த உங்கள் அப்புவிடம் போய், அதை அவர் என்ன பெயரால் அழைத்தார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சீட்டை மட்டுமாவது கொண்டுவாருங்கள். அலுமாரியை அதிலிருந்தே தொடங்குவோம்.