நத்தையைக் கொல்லும் நுரை

1964-ல் எத்தியோப்பியாவின் வடக்கே, அத்வா ஊர்ப் பக்கம், அக்லிலு லெம்மா என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஓடைகளில் நத்தைகளைத் தேடிக்கொண்டு போனார். பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் நத்தைகள் செத்துக் கிடந்தன. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தால் உயிரோடு இருந்தன. துணிக்கு அவர்கள் போட்டது எண்டோட் என்ற செடியின் காய்ப்பொடி. நம்ம பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும். இரண்டிலும் நுரைப்பது சப்போனின்தான். உயிருள்ள நத்தைகள் இருந்த பாத்திரத்தில் அந்த நுரைத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். அவையும் செத்தன.

நத்தையை ஏன் கொல்ல வேண்டும்? பில்ஹார்சியா புழுவின் முட்டை மனிதக் கழிவோடு தண்ணீருக்குப் போகிறது. அதில் பொரியும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் பெருகி வெளியே வரும். தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். மாத்திரை உடம்பிலிருக்கும் புழுவைக் கொல்லும். ஆனால் குணமான பையன் அதே ஓடையில்தானே குளிக்கப் போவான்?

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் வேதியியல். முழுக் காயில் இருக்கும் சப்போனின் நத்தையை ஒன்றும் செய்யாது. அதன் மூலக்கூறில் இரண்டு இடத்தில் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. காயை இடித்துத் தண்ணீரில் கரைத்தால், காயிலேயே உள்ள ஒரு நொதி ஒரு சங்கிலியை வெட்டிவிடும், அப்போதுதான் விஷமாகிறது. எடுத்ததும் ஆல்கஹாலில் போட்டால் நொதி வேலை செய்யாது, சத்தும் கிடைக்காது. ஆய்வகத்து முறையை விட, இடித்துத் தண்ணீரில் ஊறவைக்கும் பெண்களின் முறைதான் இங்கே சரி.

அத்வாவிலேயே 1969 முதல் 1974 வரை ஓடைகளில் எண்டோட் தெளித்துப் பார்த்தார்கள். ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் நோய் 50 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கியது. இதற்கப்புறமும் எண்டோட் பரவலாகவில்லை. மீனைக் கொல்லும் என்றார்கள். உண்மைதான். ஆனால் இறக்குமதி மருந்தான நிக்லோசமைடும் மீனைக் கொல்லும். அதற்கு அனுமதி இருந்தது! காசு கொடுத்து வாங்க வேண்டிய மருந்துக்கு ஒரு தராசு, வேலியோரம் வளரும் செடிக்கு வேறொரு தராசா?

1989-ல் லெம்மாவுக்கும் கூடவே உழைத்த லெகெஸ்ஸே வோல்டே யோஹன்னஸுக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. பிறகு அமெரிக்கப் பேரேரிகளில் தண்ணீர்க் குழாய்களை அடைக்கும் வரிக்குதிரைச் சிப்பியையும் எண்டோட் கொல்லும் என்று தெரிந்தது. அதற்கான காப்புரிமை டொலிடோ பல்கலைக்கழகத்துக்குப் போனது.

எண்டோடில் ஒரு நிஜமான குறை உண்டு: நத்தையின் முட்டையை அது கொல்லாது. அதனால் ஒரு தடவை தெளித்துவிட்டுப் போக முடியாது. முட்டை பொரிந்த பிறகு திரும்ப வந்து தெளிக்க வேண்டும். அதற்குக் காய் ஊருக்குள்ளேயே விளைய வேண்டும்.