மகனின் நோய்க்குத் தாய் குற்றவாளியா?

கத்னா செய்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிகிறது. சோதித்துப் பார்த்த வைத்தியர், பிள்ளைக்கு 'ஹீமோபீலியா' என்கிறார். உடனே சில வீடுகளில் மருமகள் மீது பழி விழுகிறது: "இது உங்கட வீட்டுச் சீக்குத்தானே!" இது நியாயமான பேச்சா?

சகோதரிகளே! இது புதிய நோயல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த சத்திர சிகிச்சை மேதை அஸ்ஸஹ்ராவி, ஒரு கிராமத்து ஆண்கள் காயமுற்றால் இரத்தம் நிற்காமலே மரணித்ததைக் குறித்து வைத்துள்ளார். ஏன் ஆண்கள்?

பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை. இரத்தம் உறைய உதவும் பொருளுக்கான பரம்பரையலகு எக்ஸில்தான் இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் மற்றையது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்; அவள் நோயின் 'காவி' மட்டுமே. ஆணுக்கு ஈடுசெய்ய வேறு எக்ஸ் இல்லை.

காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 வீதம். ஒவ்வொரு மகளும் காவியாகும் வாய்ப்பும் 50 வீதம். மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்புவான் என்றில்லை. நோயுள்ள தந்தையிடமிருந்து மகன்மாருக்கு இது செல்லாது. மகள்மார் அனைவரும் காவிகளாவர். விக்டோரியா மகாராணியிடமிருந்த இப்பழுது, மகள், பேத்தி வழியாகவே 1904இல் பிறந்த ரஷ்ய இளவரசர் அலெக்ஸியைச் சென்றடைந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. எந்தத் தாயும் தன் நிறமூர்த்தத்தைத் தெரிவு செய்து பெறுவதுமில்லை. பிறகு பழி எதற்கு?

பழிக்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை உண்டு. தாய்மாமா, சாச்சியின் மகன், உம்மம்மாவின் சகோதரர் எவருக்காவது பல் பிடுங்கியபோதோ கத்னாவின்போதோ இரத்தம் நிற்காமற் போனதா? அப்படியானால் கத்னாவுக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோய் இருந்தால், உறைதற் பொருளை ஊசி மூலம் ஏற்றி ஆஸ்பத்திரியில் கத்னா செய்ய முடியும். ஆபத்து அஞ்சப்படும்போது அதனைப் பிற்படுத்த மார்க்கம் இடமளிக்கிறது. இப்பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அக்குடும்பத்துப் பெண்களுக்கு மாதவிடாயில் அதிக இரத்தம் போனால் அவர்களும் வைத்தியரை நாட வேண்டும்.

"வெளியில் தெரிந்தால் குமருக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று மறைக்கிறோம். மறைத்த நோய், நாளை அக்குமரின் மகனுக்குக் கத்னா செய்யும் நாளில் வெளிப்படலாம். அப்போது காலம் கடந்திருக்கும்.