சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஊர்களில் காலைப்பொழுதில் சாலையோரம் நின்று நோக்குவோமாயின், சீருடை அணிந்த சிறுமியர் கூட்டங்கூட்டமாகப் பள்ளிக்கு விரைவதைக் காணலாம். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியைமார் பேருந்திலிருந்து இறங்குவர். தொழிற்பேட்டை ஆலைகளுக்குச் செல்லும் இளம்பெண்களும் அதே நிறுத்தத்தில் நிற்பர். இக்காட்சி நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆயின், நூறாண்டுகளுக்குச் சற்று முன்னர் இஃது அரிய காட்சியாகும். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தும், அப்பள்ளியில் கற்பிக்கப் பெண்கள் கிடைத்திலர். அக்குறையைத் தம் வீட்டிலிருந்தே நீக்கத் தொடங்கியவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசுப் பணியில் இருந்தவர். தாயார் விசாலாட்சி அம்மாள். ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு ஜில்லா முழுமைக்கும் முதல்வராகத் தேறினார். திருவள்ளூரும் பொன்னேரியும் அந்நாளில் அந்த ஜில்லாவிலேயே அடங்கியிருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில்தான். ஆகவே நம் பகுதிச் சிறுவர்களையும் விஞ்சிய சிறுமி இவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பதினோராம் வயதில் சுப்பலட்சுமிக்குத் திருமணம் நடந்தது. சின்னாளில் கணவர் இறந்தார்.

மாணவர்களே, இதனை இன்று நீங்கள் விளங்கிக்கொள்வது எளிதன்று. அக்காலத்தில் சில குலங்களில் பெண் பூப்பெய்துமுன் மணம் முடித்துவிடுதல் கட்டாயமெனக் கருதப்பட்டது. மணம் முடிந்தாலும் பெண் தன் பெற்றோரிடமே வளர்வாள். பூப்பெய்திய பின்னரே கணவன் வீடு செல்வாள். இடையில் அவன் இறந்தால், அவனோடு ஒருநாளும் வாழ்ந்தறியாத சிறுமி கைம்பெண் எனப்பட்டாள். வளர்ந்தபின் அவள் தலை மழிக்கப்படும். வண்ணச் சேலையும் பூவும் பொட்டும் விலக்கப்படும். ஒருவேளை உணவே உரியது. மங்கல நிகழ்ச்சிகளில் அவள் எதிர்ப்படுதலும் தீது என்றனர். கைம்பெண் மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் இடந்தந்தது, சமூகம் இடந்தரவில்லை. சமையலறையின் இருட்டில் பிறருக்குப் பணிசெய்து அறுபது, எழுபது ஆண்டுகளைக் கழிப்பதே பலருக்கு விதியாயிற்று.

சுப்பலட்சுமியின் இல்லத்தில் வேறொன்று நடந்தது. பெற்றோர் மகளை அவ்வழக்கங்களுக்கு உட்படுத்தாது பள்ளிக்கு அனுப்பினர். உறவினர் ஏசினர், ஊரார் பழித்தனர். அவ்வீட்டில் மற்றொரு கைம்பெண்ணும் இருந்தார். அவர் தாயாரின் தங்கை வாலாம்பாள். இந்தச் சித்தியும் தமக்கை மகளும் ஒருவருக்கொருவர் ஊன்றுகோலாயினர். சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பயின்று, 1911ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி அவரே.

பட்டம் பெற்றவர் தமக்கென ஒரு பதவியைத் தேடிக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தாம் தப்பித்த சிறையில் இன்னும் அடைபட்டிருந்த சிறுமியரை எண்ணினார். பம்பாயில் பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டிலும், புனாவில் கார்வே 1896ஆம் ஆண்டிலும் கைம்பெண்களுக்கு இல்லங்கள் தொடங்கியிருந்தனர். சென்னையில் அத்தகைய இல்லம் இல்லை. அந்நாளில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாதும் இதே குறையைக் கண்டு வருந்தினார்.

இவ்விடத்தில் ஒரு கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஆண் ஆசிரியரிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பூப்பெய்தும் பருவம் நெருங்கியதும் படிப்பை நிறுத்தினர். ஆசிரியைகள் இருப்பின் அத்தயக்கம் குறையும். ஆனால் ஆசிரியைகளுக்கு எங்கே போவது? மணமான பெண் வேலைக்கு வாராள். மணமாகாத பெண்ணோ பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. கணவன் வீட்டுக் கடமை இல்லாத வயதுவந்த மகளிர் கைம்பெண்களே. ஆசிரியை இன்றித் தவித்த பள்ளி ஒருபுறம். வாழ வழியின்றித் தவித்த கைம்பெண் மறுபுறம். இவ்விரு துன்பங்களும் ஒன்றற்கொன்று மருந்தாகும் என்பதை அம்மையார் தெளிவாகக் கண்டார். அவர்தம் பணி முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து வளர்ந்ததே.

எழும்பூரில் தந்தையாரின் வீட்டில் நான்கு சிறுமியரோடு இல்லம் தொடங்கிற்று. அம்மையார் பாடம் சொல்லுவார். சித்தி வாலாம்பாள் சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்வார். இதனை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. அறியாத இடத்துக்கு மகளை அனுப்பத் துணியாத தாய்மார், ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு, அதுவும் முதிய பெண்ணொருத்தியின் பாதுகாப்புக்கு அனுப்பத் துணிந்தனர். பட்டத்தால் மட்டும் இந்த நம்பிக்கை விளைந்திராது. 1912ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் நிறுவப்பட்டது.

பிள்ளைகள் பெருகவே, இல்லம் சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பிய வட்டவடிவக் கட்டடம் அது. 1897ஆம் ஆண்டில் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். வீட்டின் பின்கட்டை விட்டு வெளிவந்தறியாத சிறுமியர், வாயிலில் நின்றால் கடல் தெரியும் இடத்தில் தங்கிப் படித்தனர்.

அவ்வில்லத்தில் பிராமணக் கைம்பெண்களே சேர்க்கப்பட்டனர். அவர்தம் ஆசாரங்களும் காக்கப்பட்டன. இஃது ஒரு குறையே. இல்லையேல் அப்பிள்ளைகளை வீட்டார் அனுப்பியிரார் என்று அம்மையார் சார்பில் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் பிற குலத்துக் கைம்பெண்களின் கண்ணீரும் அதே உப்புடையதுதானே? அம்மையாரின் பிற்காலப் பணிகள் இந்த எல்லைக்குள் நிற்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. 1922ஆம் ஆண்டில் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி என மூவகைப் பள்ளிகளுக்கும் ஆசிரியைகளை அஃது உருவாக்கிற்று. இல்லத்தில் எழுத்தறிந்த பெண் பள்ளியில் படித்து, பயிற்சி பெற்று, ஊதியம் பெறும் ஆசிரியையாக வேறோர் ஊருக்குச் சென்றாள். அவளிடம் நாற்பது சிறுமியர் படித்தால், அவர்களுள் சிலரேனும் மீண்டும் ஆசிரியைகள் ஆவர் அல்லரோ? சாரதா வித்தியாலயமும் அவர் முயற்சியால் தோன்றிற்று.

குழந்தை மணம் ஒழிந்தாலன்றிக் கைம்பெண் இல்லங்கள் நிறைந்துகொண்டே இருக்கும். ஆகவே அம்மையார் வேரையும் நோக்கினார். அரசு ஊழியர் பொதுக்கிளர்ச்சிகளில் ஈடுபடுதல் விரும்பப்படாத காலம் அது. அவர் இந்திய மாதர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. மணவயது பற்றி ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன்னும் கருத்துரைத்தார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் பெயரையும் வித்தியாலயத்தின் பெயரையும் குழப்பிக்கொள்ள வேண்டா. சட்டம் ஹர்பிலாஸ் சாரதா என்பவர் பெயரால் வழங்குவது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பெரும்பாலோர் திண்ணையை நாடுவர். (நானும் அவ்வாறு நாடியவனே.) அம்மையார் 1942ஆம் ஆண்டில், இளமையில் படிப்பை இழந்த வயதுவந்த மகளிர்க்கென மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில் 1954ஆம் ஆண்டில் சமூக சேவை நிலையம் ஒன்றை நிறுவியபோது அவருக்கு அகவை அறுபத்தெட்டு. 1958ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

பதினொன்றில் வாழ்வு முடிந்தது என்று ஊரார் உரைத்த அப்பெண், அதன்பின் எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார். சாரதா வித்தியாலயம் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராயநகரில் இன்றும் நடைபெறுகிறது. லேடி வெலிங்டன் கல்லூரி கடற்கரைச் சாலையில் இன்றும் ஆசிரியர்களை உருவாக்குகிறது. அதே சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. சென்னைக்குச் செல்லும்போது, கைம்பெண் சிறுமியர் தங்கிப் படித்த அக்கட்டடத்தை நீங்களும் காணலாம்.