டெத் மெட்டல் வாசித்துப் பிழைக்க முடியுமா?

லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் மாடிப்படியிலேயே அந்தச் சத்தம் காதில் விழும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பேரன் கிடார் வாசிக்கிறான். அந்த இசைக்கு டெத் மெட்டல் என்று பெயராம். படிப்பை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் சொன்னான். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. லிலுவா ஒர்க்‌ஷாப் இரைச்சலில் காலம் தள்ளியவன் நான். திட்டுவதற்கு முன் விசாரித்துப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.

சாதாரணமாக கிடாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். இவர்கள் அதை 62 வரைகூட இறக்குகிறார்கள். தொளதொளத்துப் போகாமலிருக்க இன்னும் கனமான தந்தி போடவேண்டும். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் ஓட்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அந்தக் கரகரப்பு அதனால்தான். உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டே அதிவேகமாக மீட்டப் பழகுவதற்கு வருஷக்கணக்கில் சாதகம் வேண்டும். டிரம்காரர் இரண்டு காலாலும் அடிப்பது, பழைய தண்டவாள இணைப்புகளின் மேல் மெயில் வண்டி ஓடுவதுபோல எனக்குக் கேட்டது. பாடுகிறவரின் உறுமல்தான் இன்னும் பிடிபடவில்லை.

1980களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இந்த இசை வேரூன்றியது. அங்கே ‘டெத்’ என்ற குழுவை நடத்திய கிடார் கலைஞர் சக் ஷுல்டினர், முதல் ஆல்பத்தை 1987-இல் வெளியிட்டார். உலகப் புகழ் பெற்றவர்தான். ஆனால் மூளையில் கட்டி வந்தபோது, சிகிச்சைச் செலவுக்கு நிதிக் கச்சேரிகள் நடத்த வேண்டியிருந்தது. 2001-இல், 34 வயதில் காலமானார். இதைச் சொன்னதும் பேரன், “மும்பையில ஒருத்தர் இருக்கார் தாத்தா, அவரைப் பாருங்கோ” என்றான்.

அவர் சாஹில் மகிஜா. 2000-இல் ‘டெமானிக் ரெஸரக்‌ஷன்’ குழுவைத் தொடங்கியவர். கிடார், பாட்டு இரண்டும் அவரே. 2010-இல் பிரிட்டனின் ‘மெட்டல் ஹாமர்’ பத்திரிகை இக்குழுவுக்கு விருது கொடுத்தது. 2017-இல் ‘தசாவதார்’ என்று ஓர் ஆல்பம். மத்ஸ்யத்திலிருந்து கல்கி வரை பத்துப் பாட்டு. நம் பக்கம் பலராமரைச் சொல்கிறோமே, அங்கே புத்தர் இருக்கிறார். நரசிம்மருக்கு அந்த உறுமல் பொருத்தம்தான் என்றாள் என் மனைவி!

ஆனால் மகிஜா கிடாரை மட்டும் நம்பியிருக்கவில்லை. சொந்தமாக இசை வெளியீட்டு நிறுவனம் நடத்தினார். பிறகு ‘ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்’ என்று யூடியூபில் சமையல் நிகழ்ச்சி. அதை லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். விருது வாங்கியவரே சமையலும் செய்துதான் காண்பித்தார்.

“பட்டத்தை முடி, தந்தி வாங்கும் செலவு என் பென்ஷனில்” என்றேன். இன்னும் பதில் வரவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறான்.