வலிக்காத ரணம்

முதல் அடையாளம்

வலிக்கும் புண் மனிதனை வைத்தியரிடம் விரட்டிவிடும். வலிக்காத புண்ணோ அவனை வீட்டிலேயே இருத்திவிடும். முன்னோர் பரங்கிப்புண் என்று வழங்கிய சிபிலிஸ் நோயின் அபாயம் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலேயே அடங்கியிருக்கிறது. 1905-ஆம் ஆண்டு பெர்லினில் ஷௌடின், ஹாஃப்மன் என்னும் இருவர் கண்டறிந்த, திருகுச் சுருள் வடிவமுள்ள நுண்கிருமியொன்று, உடலுறவின்போது தோலிலோ சவ்விலோ உள்ள சிறு கீறல் வழியே சரீரத்தில் பிரவேசித்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ கெட்டியான ரணமொன்றைத் தோற்றுவிக்கிறது. பெண்களுக்கு அது உள்ளே மறைந்திருந்து கண்ணில் படாமற் போவதும் உண்டு.

ஆறியது போன்ற மயக்கம்

அந்த ரணம் மருந்தில்லாமலே சில வாரங்களில் ஆறிவிடுகிறது. இடையில் எந்தக் களிம்பைத் தடவியிருந்தாலும், எந்தப் பத்தியத்தை அனுசரித்திருந்தாலும், புகழ் அதற்கே போய்ச் சேர்கிறது. சுவரொட்டி வைத்தியர்கள் சிலருடைய கீர்த்தி இவ்விதம் வளர்ந்ததுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கிருமியோ இரத்தத்தில் கலந்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகளாகவும், சுரமாகவும், நெறிக்கட்டாகவும் தலைகாட்டி, மறுபடியும் ஒளிந்துகொள்கிறது. சிகிச்சை பெறாத சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி பழுதுபடுகிறது. மூளையையும் கண்ணையும் கிருமி தொடக்கத்திலேயே தாக்குவதும் உண்டு.

கருவிலிருக்கும் சிசு

கர்ப்பிணியின் இரத்தத்திலுள்ள கிருமி நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்தால், கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறத்தலோ, பிறவி நோயோ நேரலாம். கர்ப்பம் உறுதியானவுடன் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையை வெறும் சம்பிரதாயமென்று எண்ணுவது பெரும் பிழை. உரிய காலத்தில் போடப்படும் பென்சிலின் ஊசி தாயையும் சேயையும் ஒருங்கே காக்கிறது.

பாதரசத்திலிருந்து பென்சிலின் வரை

பல நூற்றாண்டுகள் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்து பாதரசம்; நோயாளியின் பல் ஆட்டங்கண்டு, உமிழ்நீர் பெருகியதையே குணமாவதன் அறிகுறியாக வைத்தியர்கள் கொண்டாடிய விபரீதமும் நடந்தது. 1910-இல் எர்லிக் என்னும் ஆய்வாளரின் சால்வர்சான் என்னும் மருந்து வந்தது. 1943-இல் அமெரிக்காவில் மஹோனி என்னும் மருத்துவர் இந்நோய்க்கு எதிரான பென்சிலினின் வல்லமையை நிரூபித்தார். இன்றும் ஆரம்ப நிலைக்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஒரே ஒரு முறை போதும். நாட்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று முறை தேவை. மருந்து கிருமியை அழிக்குமேயன்றி, அதற்குள் சிதைந்துபோன அவயவத்தை மீட்டுத் தராது. நோயைக் கண்டறியச் செய்யப்படும் வி.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனை தொற்றிய முதல் வாரங்களில் நோயைக் காட்டாமலிருக்கலாம். ஆகையால் ஐயமிருப்பின் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது அவசியம். லஜ்ஜையின் பொருட்டுத் துணைவரிடம் மறைத்துத் தாம் மட்டும் ஊசி போட்டுக்கொள்பவர், குணமான பின்னரும் அதே துணைவரிடமிருந்து நோயைத் திரும்பப் பெறக்கூடும். ஒருமுறை வந்துபோனதால் இதற்கு எதிர்ப்புச் சக்தி நிலைப்பதில்லை.